பத்து ரூபாய் பிஸ்கட் பில்லுடன் வீடு திரும்பினேன் (சேலத்து அம்மாக்கள் வரவும்)

அழகாபுரம் ரெண்டுவால் | சனி இரவு 11.10

பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை, அதனால் இங்கே கொட்டுகிறேன்.

பெரியவனுக்கு நான்கு வயது, சின்னவளுக்கு ஒன்றரை. வீட்டுக்காரருக்கு ஓசூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். இந்த வாரம் அதுவும் இல்லை. மாதச் சாமான் தீர்ந்து நாலு நாள் ஆகிவிட்டது. சாயங்காலம் இரண்டையும் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு பக்கத்து சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். கையில் 22 சாமான் எழுதிய சீட்டு.

சின்னவளைத் தள்ளுவண்டியின் முன்சீட்டில் உட்கார வைத்தேன். பத்து நிமிடம் மகாராணி மாதிரி வந்தாள். அப்புறம் கம்பிக்குள் விட்ட காலை எடுக்கத் தெரியாமல் வீல் என்று கத்தினாள். தூக்கி இடுப்பில் வைத்தேன். ஒரு கையில் அவள், ஒரு கையில் வண்டி, சீட்டு வாயில். திரும்பிப் பார்த்தால் பெரியவனைக் காணோம். பருப்பு வரிசையில் இல்லை, சோப்பு வரிசையில் இல்லை. அந்த அரை நிமிடம் வயிறு என்ன பாடுபடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிஸ்கட் அலமாரிக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து, பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தான்.

திட்ட வாயைத் திறந்தால், "அம்மா, ஒண்ணுக்கு" என்றான்.

கடைப்பையனிடம் கேட்டேன். பாத்ரூம் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும்தானாம். "நாலு வயசுப் பையனுங்க தம்பி" என்றேன். "எங்களைத் திட்டுவாங்கக்கா" என்றான். அவன் முகத்தைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. அரிசி, துவரம்பருப்பு, எண்ணெய் என்று முக்கால்வாசி நிரம்பிய வண்டியை அப்படியே ஓரமாக நிறுத்திவிட்டு, கடித்த பாக்கெட்டுக்கு மட்டும் பணம் கட்ட வரிசையில் நின்றேன். பின்னால் நின்ற அம்மா என் காதில் விழட்டும் என்றே சொன்னார்: "புள்ளையை அடக்கத் தெரியாதவங்க எதுக்குக் கூட்டிட்டு வரணும்?"

பில் பத்து ரூபாய். பெரியவன் வாசல் வரை தாங்கவில்லை, டவுசரிலேயே போய்விட்டான். ராத்திரிச் சாப்பாடு தெருமுனைக் கடையில் தட்டுவடை செட். காரச் சட்னி வைக்காமல் வெறும் பீட்ரூட், கேரட் வைத்துத் தரச் சொல்லி வாங்கினேன்.

நீங்கள் எல்லாம் எப்படித்தான் சமாளிக்கிறீர்கள்?


கோரிமேடு குயில் | சனி இரவு 11.32

அழாதே பா. நானும் ஒருமுறை ஜவுளிக்கடையில் எடுத்து வைத்த துணியை எல்லாம் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறேன். என் பெண் ட்ரயல் ரூமுக்குள் போய் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். கதவுக்குக் கீழே படுத்து, "மேலே தள்ளு சாமி, மேலே தள்ளு" என்று இருபது நிமிடம் கெஞ்சினேன்.

ஒன்று சொல்கிறேன். காய்கறிக்காவது அந்தக் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடைகளை விட்டுவிடு. அஸ்தம்பட்டி உழவர் சந்தைக்குக் காலையில் வா. விலையைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள், பேரம் பேசி நிற்க வேண்டாம். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு பேரம் பேசிப் பார், அந்த நேரத்தின் அருமை தெரியும். மொத்த விலைக்கும் வெளிக்கடை விலைக்கும் நடுவில் இருக்கும். பிள்ளை ஒரு கேரட்டை எடுத்துக் கடித்தால் விற்கிற ஆயா சிரிப்பாரே தவிர பில் போட மாட்டார். தராசுத் தட்டில் கத்தரிக்காயை வைக்கும் வேலையை என் பெண்ணிடமே கொடுத்துவிடுவார்கள். அவளுக்கு அது விளையாட்டு, எனக்கு இரண்டு கையும் சும்மா இருக்கும்.

மஞ்சப்பை இரண்டு எடுத்துக்கொள். தக்காளிக்குத் தனிப்பை. அனுபவம்.


நான்குரோடு நண்பன் | ஞாயிறு காலை 7.05

எல்லாம் இப்போது போனிலேயே வந்துவிடுகிறதே. ஆர்டர் போட்டால் வாசலில் கொண்டு வந்து வைக்கிறார்கள். எதற்கு இவ்வளவு கஷ்டம்? இல்லையென்றால் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், யோசனைதான்.


அழகாபுரம் ரெண்டுவால் | ஞாயிறு காலை 8.40

தப்பாக எடுக்கவில்லை சகோ. வீட்டில் யாரிடம் விடுவது? மாமியார் அம்மாப்பேட்டையில் முட்டிவலியோடு இருக்கிறார், என் அம்மா ஆத்தூரில்.

போனிலும் வாங்குகிறேன். போன வாரம் அப்படி வந்த கொத்தமல்லியில் பாதி அழுகல். அதுகூடப் பரவாயில்லை. நாள் முழுக்க நான்கு சுவருக்குள் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறவளுக்கு, குழந்தை அல்லாத ஒரு மனிதரோடு பேசக் கிடைக்கிற ஒரே சாக்கு கடைக்குப் போவதுதான். "துவரம்பருப்பு என்ன விலைங்க?" என்று கேட்பதும் பேச்சுதானே. அதையும் போனிடம் கொடுத்துவிட்டால் நான் எங்கே போவது?


கவுன்டருக்குப் பின்னால் | ஞாயிறு மதியம் 2.15

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், முதல்முறையாக எழுதுகிறேன். சேலத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பிள்ளைகள் பிரிவில் ஆறு வருடம் நின்றவள். கடையின் பெயர் வேண்டாம்.

நின்றவள் என்றால் நிஜமாகவே நின்றவள். காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி ஒன்பதரை வரை. 2021ல் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். எங்கள் பிரிவுக்கும் ஒரு ஸ்டூல் வந்தது. அதில் நாங்கள் உட்கார்ந்ததைவிடப் பால் கொடுக்க வந்த அம்மாக்கள் உட்கார்ந்ததுதான் அதிகம். நைட்டி கட்டு அடுக்கி வைத்திருக்கும் மூலையில் ஸ்டூலைப் போட்டு, ஒரு போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்போம். அந்தப் பத்து நிமிடம் மேற்பார்வையாளர் கேட்டால், "கஸ்டமருக்குப் போர்வை காட்டறேன் சார்." பொய்யும் இல்லை.

அதனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கடையில் உங்கள் பிள்ளை கத்தும்போது எல்லோரும் உங்களை மனதுக்குள் திட்டுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். எங்களில் பாதிப் பேர் வீட்டில் விட்டுவந்த பிள்ளையை நினைத்துக்கொண்டு நிற்கிறவர்கள். அந்தப் பையன் பாத்ரூமைத் திறந்துவிடாதது அவன் கல்நெஞ்சுக்காரன் என்பதால் இல்லை. திறந்தால் அவன் சம்பளத்தில் கை வைப்பார்கள். அடுத்த முறை பையனிடம் கேட்காதீர்கள், கூட்டிப் பெருக்குகிற அக்காவிடம் கேளுங்கள். சாவி எப்போதும் அவரிடம்தான் இருக்கும்.

துணி எடுக்க வருகிறவர்களுக்குச் சில விஷயம். பிள்ளைக்குச் சரியாக இருக்கிற பழைய சட்டை ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். அதை விரித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும், தூங்கி விழுகிற பிள்ளைக்குப் போட்டுக் கழற்றி அழ வைக்க வேண்டாம். "மூணு வயசுக்குக் கொடுங்க" என்று கேட்காதீர்கள். ஒரு கம்பெனியின் மூன்று வயது இன்னொரு கம்பெனிக்கு நான்கு வயது. 20, 22 என்று சைஸ் எண்ணைச் சொல்லுங்கள். கவுனாக இருந்தால் ஒரு சைஸ் பெரிதாக எடுத்து உள்ளே மடித்துத் தைத்துக்கொண்டால் அடுத்த தீபாவளிக்கும் வரும். பேன்ட்டுக்கு அது சரிவராது, பிள்ளை தடுக்கி விழும்.

ஆடித் தள்ளுபடி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் கைக்குழந்தையோடு வராதீர்கள். புண்ணியமாகப் போகும். வார நாளில் கடை திறந்த உடனே வாருங்கள். அதே தள்ளுபடிதான், அதே துணிதான், நாங்களும் சிரித்த முகத்தோடு இருப்போம்.


கோரிமேடு குயில் | ஞாயிறு மதியம் 2.31

அக்கா, அந்த ஸ்டூல் விஷயத்தைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. எனக்கும் ஒருவர் அப்படிப் புடவை பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.


கண்டிப்பான அம்மா | ஞாயிறு மாலை 4.50

எல்லோரும் ஆறுதலே சொல்கிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன். பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிப் பழக்கினால் இவ்வளவு தூரம் வராது. என் மகனிடம் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே, "ஒரு பொருள், ஒன்றே ஒன்று" என்று சொல்லிவிடுவேன். அழுதால் அதுவும் கிடையாது. இரண்டு முறை அழுதான், மூன்றாவது முறை அடங்கிவிட்டான்.


அழகாபுரம் ரெண்டுவால் | ஞாயிறு மாலை 5.20

உங்கள் மகனுக்கு என்ன வயது அக்கா?


கண்டிப்பான அம்மா | ஞாயிறு மாலை 5.24

ஏழு.


இரும்பாலை ஷிப்ட் | ஞாயிறு இரவு 9.05

மேலே வந்த "ஏழு" என்ற பதிலுக்கு நான் சிரித்த சிரிப்பில் என் பையன் எழுந்துவிட்டான்.

நான் அப்பா. நைட் ஷிப்ட் வாரத்தில் பகலில் பிள்ளைகள் என் பொறுப்பு, மனைவி வேலைக்குப் போய்விடுவார். அதனால் ஐந்து வயதுப் பெண், இரண்டு வயதுப் பையன் இருவரோடும் கடைக்குப் போவது நான்தான். ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். என் பையன் கவுன்டருக்கு முன்னால் தரையில் படுத்துப் புரண்டான். பின்னால் நின்ற பாட்டி என்ன சொன்னார் தெரியுமா? "பாவம் தம்பி, தனியா ரெண்டையும் கூட்டிட்டு வந்திருக்கு. எவ்வளவு பொறுப்பு!" ஒருவர் என் பையைக்கூட ஸ்கூட்டர் வரை தூக்கி வந்து கொடுத்தார். அடுத்த வாரம் அதே கடை, அதே தரை, அதே பையன், மனைவி போயிருந்தார். அவருக்குக் கிடைத்தது "வளர்த்த லட்சணம்." வீட்டுக்கு வந்து சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆனால் எங்களுக்கும் கஷ்டம் உண்டு. வெளியில் பெண்ணுக்கு அவசரம் என்றால் எந்தப் பக்கம் கூட்டிப் போவது? ஆண்கள் பக்கம் கூட்டிப் போக மனமில்லை, பெண்கள் பக்கம் நான் போக முடியாது. வாசலில் நின்று யாராவது அக்கா வருகிறாரா என்று பார்த்துக் கும்பிடு போட வேண்டும்.

டயப்பர் விஷயத்தில் நான் வாங்கிய அடி வேறு. வயதைச் சொல்லி ஒரு பெரிய கட்டு வாங்கி வந்துவிட்டேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் தொடையில் சிவந்துவிட்டது. டயப்பர் சைஸ் வயதுக்கு இல்லை, கிலோவுக்கு. பாக்கெட்டிலேயே இத்தனை கிலோவிலிருந்து இத்தனை கிலோ வரை என்று போட்டிருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. கூடவே ஒன்றின் விலை என்ன என்றும் சிறிய எழுத்தில் இருக்கும். பெரிய கட்டுதான் எப்போதும் மலிவு என்று நினைத்திருந்தேன், கணக்குப் போட்டால் சில நேரம் சின்னக் கட்டு மலிவாக வருகிறது.

கண்டிப்பான அம்மா, உங்கள் "ஒன்றே ஒன்று" வழியை நானும் செய்கிறேன். ஒரு எச்சரிக்கை மட்டும். என் பெண் அந்த ஒன்றாகத் தெருவோரத்தில் ஒரு பாட்டுப் பாடும் பொம்மையை எடுத்தாள். இரண்டாம் நாள் அதன் அடிமூடி கழன்று பட்டன் பேட்டரி வெளியே வந்துவிட்டது. பையன் வாய்க்குள் போட்டிருந்தால் தொண்டையையே அரித்துவிடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய சமாச்சாரம். 2021 ஜனவரியிலிருந்து பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரை இருக்கிறதா, பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இருக்கிறதா, இரண்டையும் பார்த்துவிட்டுக் கையில் கொடுங்கள்.


கண்டிப்பான அம்மா | ஞாயிறு இரவு 9.40

சரி, ஒத்துக்கொள்கிறேன். என் மகன் நான்கு வயதில் ஒரு கடையில் முட்டை அட்டையையே கவிழ்த்திருக்கிறான். அதை எழுத வேண்டாம் என்று பார்த்தேன். 30 முட்டை, 11 மட்டும் பிழைத்தது.


ஏற்காட்டு மிளகு | திங்கள் காலை 6.20

உங்களுக்கெல்லாம் கடை தெருமுனையில் இருக்கிறது. எனக்கு நடுவில் 20 கொண்டை ஊசி வளைவு.

அன்றாடச் சாமான் இங்கேயே கிடைக்கும். பள்ளி ஷூ, நல்ல துணி, பிள்ளை டாக்டர் என்றால் சேலம் இறங்கியாக வேண்டும். மாதம் ஒருமுறை. காலையில் ஒன்றும் கொடுக்காமல் வெறும் வயிற்றில் ஏற்றினாலும் வாந்தி, சாப்பிட வைத்து ஏற்றினாலும் வாந்தி. ஒரு இட்லி மட்டும் கொடுத்து, முன்சீட்டு ஜன்னல் ஓரமாக உட்கார வைத்தால் பாதி நாள் தப்பிக்கிறோம். ஒவ்வொரு வளைவிலும் எண் போட்ட பலகை இருக்கும் இல்லையா, என் மகள் எண் கற்றுக்கொண்டதே அதைப் பார்த்துத்தான். அதனால் இருபதிலிருந்து ஒன்றுக்குத் தலைகீழாகத்தான் முதலில் சொல்ல வந்தது. ஒன்று வந்துவிட்டால் கை தட்டுவாள்.

போன மாதம் ஷூ வாங்கினேன். அளவு எடுக்கும் நேரம் பார்த்து மகள் தோளில் தூங்கிவிட்டாள். தொங்கிக்கொண்டிருந்த காலில் போட்டுப் பார்த்தோம், கச்சிதம். இரண்டு கடை ஏறி இறங்கி, கடைசி பஸ்ஸைப் பிடித்து, வளைவு எல்லாம் ஏறி வீட்டுக்கு வந்து நிற்க வைத்தால், விரல் முட்டுகிறது. நின்றால் பாதம் விரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த ஒரு அரை அங்குலத்துக்காக மறுபடி 20 வளைவா? வேண்டாம் என்று பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆனாலும் சொல்கிறேன், ராத்திரி பஸ்ஸில் ஏறி வரும்போது கீழே சேலம் முழுக்க விளக்கு விளக்காகத் தெரியும். மகள் மடியில், பை காலடியில். அந்த முக்கால் மணி நேரம் யாரும் என்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். அதற்காகவே அடுத்த மாதமும் இறங்குகிறேனோ என்று தோன்றுகிறது.


செவ்வாய்ப்பேட்டை பாட்டி | திங்கள் காலை 11.00

பேரன் இதைக் காட்டினான். நான் சொல்லச் சொல்ல அவன்தான் அடிக்கிறான், பிழை இருந்தால் அவனுடையது.

எங்கள் காலத்தில் கடைக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகும் தொல்லையே இல்லை. சீட்டு எழுதிக் கொடுத்தால் மளிகைக்கடைப் பையன் சைக்கிளில் கொண்டு வந்து போடுவான். பருப்பு, மிளகாய் எல்லாம் காகிதப் பொட்டலம், சணல் கயிறு. அந்தக் கயிற்றைச் சுற்றிச் சுற்றி உருண்டையாக்கிப் பிள்ளைகள் பந்து விளையாடும். எப்போதாவது கடைவாசலுக்குப் போனால் செட்டியார் பிள்ளை கையில் பொட்டுக்கடலையும் ஒரு துண்டு வெல்லமும் வைப்பார்.

இதைக் கேட்டுவிட்டு, "ஆஹா அந்தக் காலம்" என்று யாரும் எழுத வேண்டாம். சீட்டு எழுதியது என் வீட்டுக்காரர். பணம் கொடுத்ததும் அவர். பச்சைப்பயறு வேண்டும் என்று நான் சொன்னால், போன மாதம் வாங்கினது என்ன ஆச்சு என்று கேட்பார். கல்யாணம் ஆகிப் பத்து வருடம் கழித்துத்தான் சின்னக் கடை வீதியில் நானாக நின்று ஒரு பாவாடைத் துணி எடுத்தேன். எட்டு முழம். கை நடுங்கியது.

பத்து ரூபாய் பில்லோடு வந்தேன் என்று அழுகிறாளே அந்தப் பெண், அந்தப் பத்து ரூபாயை யாரையும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள் இல்லையா. எனக்கு அது கண்ணில் பட்டது. பின்னால் நின்று பேசினவளுக்கும் இடுப்பில் பிள்ளை இருந்த காலம் ஒன்று இருந்திருக்கும். மறந்துவிட்டாள்.


நான்குரோடு நண்பன் | திங்கள் மதியம் 1.10

பாட்டி, வணக்கம். முதலில் நான் எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நேற்றுச் சாயங்காலம் என் மனைவியை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு மூன்று வயது மகனோடு பால் வாங்கப் போனேன். பால் மட்டும்தான். நாற்பது நிமிடம் ஆனது. ஒரு நாய், ஒரு ஜேசிபி, ஒரு பலூன்காரர்.


அழகாபுரம் ரெண்டுவால் | இரண்டு வாரம் கழித்து, புதன் இரவு 10.15

எல்லோருக்கும் நன்றி சொல்ல வந்தேன். நடந்ததையும் சொல்கிறேன்.

இன்று இரண்டு இடத்துக்குப் போனேன். காலையில் டவுன் பஸ். பெண் என்பதால் எனக்கும் டிக்கெட்டுக்குக் காசு இல்லை, ஐந்து வயதுக்குள் என்பதால் பிள்ளைகளுக்கும் இல்லை. பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கிச் சின்னக் கடை வீதிக்கு நடந்தோம். பெரியவன் வழியில் நான்கு இடத்தில் நின்றான், வளையல் கடையில் ஐந்தாவது. ஜவுளிக்கடை திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. பையிலிருந்து சின்னவளின் பழைய கவுனை எடுத்து விரித்ததும் அங்கே நின்ற அக்கா, "யாருங்க இதைச் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். சிரித்தேன். பதினைந்து நிமிடத்தில் இரண்டு கவுன், பெரியவனுக்கு ஒரு சட்டை. பெரியவன் தனக்கும் கவுன்தான் வேண்டும் என்று கொஞ்ச நேரம் நின்றான். அந்தக் கதை தனி.

ஆடித் திருவிழாவில் சாமி வேடம் போட்டு வண்டியில் வருவார்களே, அந்தக் குகை வண்டி வேடிக்கைக்குப் போட இந்தச் சட்டை என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதுவரை தினமும் ஒருமுறை எடுத்துக் காட்டச் சொல்வான்.

சாயங்காலம் அதே சூப்பர் மார்க்கெட். போகலாமா வேண்டாமா என்று வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தி இரண்டு நிமிடம் யோசித்தேன். சீட்டில் இந்த முறை ஒன்பது சாமான்தான். மீதி தெருமுனை அண்ணாச்சி கடையில், காய் அஸ்தம்பட்டியில். வீட்டிலேயே ஒண்ணுக்குப் போக வைத்துத்தான் கூட்டி வந்தேன். ஆனாலும் எண்ணெய் வரிசைக்கு வந்ததும், "அம்மா, ஒண்ணுக்கு" என்றான். அந்த இடத்துக்கு வந்தாலே அவனுக்கு வரும் போலிருக்கிறது.

கூட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் கேட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் நடந்தார். இடுப்புச் சாவிக்கொத்து சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டு வந்தார்கள். அவர் பேரனுக்கும் இதே வயதாம். பெரியவன்தான் சொன்னான்.

கவுன்டரில் அன்றைக்குப் பில் போட்ட அதே பெண். ஒன்பது சாமான் என்றேன். "ஒன்பதா அக்கா இன்னிக்கு?" என்று பொருளை எண்ணினார். பத்து இருந்தது. பத்தாவது, வாய் கிழிந்த ஒரு பிஸ்கட் பாக்கெட். அவர் பெரியவனைப் பார்த்தார். பெரியவன் என்னைப் பார்த்தான்.

இந்த முறை பிரித்தது நான்தான். மத்தியானம் சாப்பிடவே இல்லை, பசித்தது.